ஜாஸ் கார்டு வாய்சிங்: ஆலயத்தில் கீபோர்டு வாசித்துப் பழகியவர்களுக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்தில் கீபோர்டு வாசிக்கும் பலருக்கும் ஆலயம்தான் முதல் பயிற்சிக்கூடம். சனிக்கிழமை மாலைப் பாடகர் குழுப் பயிற்சி, ஞாயிறு ஆராதனை, டிசம்பரில் கேரல் சுற்று, இடையிடையே நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு கல்யாண வரவேற்பு மேடை என்று சில ஆண்டுகள் வாசித்தவருக்கு மேஜர், மைனர் கார்டுகளும் அவற்றின் இன்வர்ஷன்களும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். அப்படிப்பட்டவர் ஒரு நல்ல ஜாஸ் பியானோப் பதிவைக் கேட்டதும் முதலில் தேடுவது கார்டின் பெயரை. பெயரைக் கண்டுபிடித்து வாசித்துப் பார்த்தாலும் அந்த ஒலி வருவதில்லை. ஒரு கார்டின் சுரங்களில் எவற்றை எடுப்பது, எவற்றை விடுவது, எடுத்தவற்றை எந்த வரிசையில், எந்த ஸ்தாயியில், எவ்வளவு இடைவெளியில் வைப்பது என்னும் முடிவுகளில்தான் அந்த ஒலி இருக்கிறது. இந்த அடுக்குமுறைக்குத்தான் வாய்சிங் என்று பெயர்.

புதிதாகப் பழகுகிறவர்கள் செழுமை என்றால் கூடுதல் சுரங்கள் என்று எண்ணி, பத்து விரலையும் கட்டைகளில் வைத்துவிடுகிறார்கள். நடைமுறையில் மூன்று சுரங்களைச் சரியான இடத்தில் வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். ஆகவே இந்த வழிகாட்டி மூன்று சுரங்களில் தொடங்கி, ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போகிறது. படிகளை வரிசை மாற்றாமல் பின்பற்றுவது நல்லது. ஒரு படி விரலில் ஏறாமல் அடுத்ததற்குப் போனால், மேடையில் பழைய கார்டுக்கே கை தானாகத் திரும்பிவிடும்.

கருவியை ஆயத்தப்படுத்துதல்

சாதாரண 61 கட்டைக் கீபோர்டு போதும். அதில் ஸ்டைல் என்னும் தானியங்கித் தாளத்தை முதலில் அணைத்துவிடுங்கள். அது இயங்கும்போது இடக்கை கார்டைக் கருவியே தன் விருப்பப்படி அடுக்கிவிடுவதால், நீங்கள் வைக்கும் வாய்சிங் வெளியே கேட்காது. ஒலியாகப் பியானோவையோ எலெக்ட்ரிக் பியானோவையோ தேர்ந்தெடுங்கள். ஸ்ட்ரிங்ஸ் ஒலியில் நெருக்கமான சுரங்கள் கலங்கிக் கேட்பதால், சரியாக வைத்த கார்டும் தவறுபோலத் தோன்றும். விரலின் அழுத்தத்துக்கேற்ப ஒலியைக் கூட்டிக் குறைக்கும் டச் சென்சிடிவிட்டி இயங்க வேண்டும். சஸ்டெய்ன் பெடல் இப்போதைக்கு வேண்டாம்.

டிரான்ஸ்போஸ் பொத்தானையும் பூஜ்யத்தில் நிறுத்த வேண்டும். நம் பக்கத்தில் எல்லாப் பாட்டையும் சி மேஜரில் வாசித்து, பாடகரின் சுருதிக்கு அந்தப் பொத்தானால் ஏற்றி இறக்கும் பழக்கம் வேரூன்றியிருக்கிறது. அவசரத்துக்கு அது உதவும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வாய்சிங் பழகும் காலத்தில் அது பெரிய தடை. வெள்ளைக் கட்டைகளில் மட்டும் ஓடிப் பழகிய கைக்கு, கறுப்புக் கட்டைகளுக்கு நடுவே மூன்றாம் சுரம் எங்கே இருக்கிறது என்பது தெரிவதே இல்லை. பழைய மரப் பியானோ இருக்கும் ஆலயத்தில் வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் என்பதால் ஈரத்தில் அதன் சுருதி நகர்ந்திருக்கலாம். எனினும் கை எடையைப் பழக அதற்கு ஈடு இல்லை.

முதல் படி: மூன்று வகை செவன்த் கார்டுகள்

சி மேஜரில் தொடங்குவோம். சி – ஈ – ஜி – பி என்பது சி மேஜர் செவன்த். டி – எஃப் – ஏ – சி என்பது டி மைனர் செவன்த். ஜி – பி – டி – எஃப் என்பது ஜி டாமினன்ட் செவன்த். பேச்சில் ஜி செவன் என்பார்கள். ரூட் எனப்படும் கார்டின் ஆதாரச் சுரத்திலிருந்து எண்ணினால் (கறுப்போ வெள்ளையோ, ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்கு ஓர் அரைச்சுரம்), மேஜர் செவன்த்தில் மூன்றாம் சுரம் 4 அரைச்சுரத்திலும் ஏழாம் சுரம் 11 அரைச்சுரத்திலும் அமையும். டாமினன்ட்டில் அவை 4, 10 ஆகவும், மைனர் செவன்த்தில் 3, 10 ஆகவும் இருக்கும். இந்த மூன்று கார்டுகளையும் டி மைனர் செவன்த், ஜி செவன்த், சி மேஜர் செவன்த் என்னும் வரிசையில் வாசிப்பதே டூ–ஃபைவ்–ஒன்; சி மேஜர் ஸ்கேலின் இரண்டாம், ஐந்தாம், முதல் சுரங்களில் இவை அமைவதால் அந்தப் பெயர். ஜாஸ் இசையில் மிக அதிகமாக வரும் தொடர் இதுதான். கீழே வரும் படிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு தொடரையே வெவ்வேறு விதமாக உடுத்திப் பார்ப்பவை.

இரண்டாம் படி: ரூட், மூன்று, ஏழு

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். ஷெல் வாய்சிங் எனப்படும் இதில் ஐந்தாம் சுரத்தை விட்டுவிடுகிறோம். ரூட்டின் ஒலிக்குள்ளேயே மேற்சுரமாக அந்த ஐந்தாம் சுரம் மெல்ல ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறது. மேலே பார்த்த மூன்று வகையிலும் அது மாறாததால், கார்டு மேஜரா மைனரா என்று சொல்லும் வேலையும் அதற்கு இல்லை. அந்த வேலையைச் செய்பவை மூன்றாம் சுரமும் ஏழாம் சுரமும் மட்டுமே.

61 கட்டைக் கீபோர்டில் இடக்கோடியில் இருந்து மூன்றாவது சி-தான் நடு சி. வலக்கைப் பெருவிரலை அதற்குக் கீழே உள்ள எஃப்-இலும், சுண்டு விரலை நடு சி-இலும் வையுங்கள். இடக்கை, கோடியில் உள்ள முதல் ஸ்தாயியின் டி-யை அழுத்தட்டும். மூன்று கட்டைகளில் டி மைனர் செவன்த் முழுமையாகக் கேட்கிறது. இப்போது இடக்கை ஜி-க்குப் போகட்டும். வலக்கையில் பெருவிரல் அசையாமல் எஃப்-இலேயே இருக்க, மேல் சுரம் மட்டும் சி-இலிருந்து பி-க்கு அரைச்சுரம் இறங்கட்டும். அது ஜி செவன்த். அடுத்து இடக்கை சி-க்குப் போக, வலக்கையில் பி அப்படியே நிற்க, எஃப் மட்டும் ஈ-க்கு அரைச்சுரம் இறங்கினால் சி மேஜர் செவன்த்.

என்ன நடந்தது என்று கவனியுங்கள். முதல் கார்டின் ஏழாம் சுரம் இறங்கி இரண்டாம் கார்டின் மூன்றாம் சுரம் ஆயிற்று. முதல் கார்டின் மூன்றாம் சுரம் அசையாமல் நின்றே இரண்டாம் கார்டின் ஏழாம் சுரம் ஆயிற்று. வலக்கை ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு விரலை, ஒரே ஒரு அரைச்சுரம் மட்டுமே நகர்த்தியது. ரூட் பொசிஷனில், அதாவது ரூட்டை அடியில் வைத்தே, கார்டைத் தூக்கித் தூக்கி வைப்பவரின் வாசிப்பு துண்டுதுண்டாகக் கேட்பதற்கும், ஜாஸ் வாசிப்பு வழுக்கிக்கொண்டு போவதற்கும் உள்ள வேறுபாடு இந்த நகர்வில்தான் இருக்கிறது. நான்கு குரலில் பாமாலை பாடிப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல: ஆல்டோவும் டெனரும் தாவாமல் பக்கத்துச் சுரத்துக்கு நகரும் அதே ஒழுங்குதான் இங்கே விரல்களில் நடக்கிறது.

சி-யில் வந்தபின் மற்ற சுருதிகளுக்குப் போங்கள். பி ஃபிளாட்டில் ரூட்டுகள் சி, எஃப், பி ஃபிளாட். வலக்கை ஈ ஃபிளாட் – பி ஃபிளாட், ஈ ஃபிளாட் – ஏ, டி – ஏ என்று நகரும். டி மேஜரில் ரூட்டுகள் ஈ, ஏ, டி. வலக்கை ஜி – டி, ஜி – சி ஷார்ப், எஃப் ஷார்ப் – சி ஷார்ப். கணக்கு ஒன்றே என்பதால், மீதியை எழுதி வைத்துப் படிப்பதைவிட விரலால் தேடிக் கண்டுபிடிப்பது நல்லது. வாரத்துக்கு ஒரு சுருதி என்று வைத்துக்கொண்டால் 12 வாரத்தில் சுற்று முடியும். மெட்ரோநோமை 60-இல் வைத்து, கார்டுக்கு நான்கு எண்ணிக்கை விட்டு வாசியுங்கள்.

மூன்றாம் படி: ஒரு நிறம் சேர்த்தல்

ஷெல் கையில் நின்றதும் வலக்கையில் ஒரு சுரத்தை மேலே கூட்டலாம். டி மைனர் செவன்த்துக்கு எஃப் – சி – ஈ. இதில் ஈ என்பது, ரூட்டை ஒன்றாக வைத்து ஸ்தாயியைத் தாண்டி எண்ணினால், ஒன்பதாம் சுரம், அதாவது நயன்த். ஜி செவன்த்துக்கு எஃப் – பி – ஈ. இங்கே அதே ஈ பதின்மூன்றாம் சுரமாகிறது. சி மேஜர் செவன்த்துக்கு ஈ – பி – டி. இங்கே டி நயன்த். நான்கே சுரங்களில் ஜாஸ் என்று யாரும் ஒப்புக்கொள்ளும் ஒலி வந்துவிட்டது.

பதினொன்றாம் சுரத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். சி மேஜர் செவன்த்தின் மேல் எஃப் வைத்தால் அது கீழே உள்ள ஈ-யோடு கடுமையாக உரசும். எஃப் ஷார்ப் வைத்தால் கார்டு திறந்து ஒளிரும். கர்நாடக இசை தெரிந்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம்: சங்கராபரணத்தின் சுத்த மத்யமத்தை மேஜர் கார்டின் மேல் நிறுத்தாதீர்கள்; கல்யாணியின் பிரதி மத்யமத்தைத் தாராளமாக நிறுத்தலாம். மைனர் செவன்த்தில் இந்தத் தொல்லை இல்லை. டி மைனர் செவன்த்தின் மேல் ஜி அழகாகவே உட்காரும்.

இடைவெளி பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நடு சி-க்கு ஒரு ஸ்தாயி கீழே உள்ள சி-யைத் தாண்டி இடப்பக்கம் போனால், அருகருகே உள்ள சுரங்களைச் சேர்த்து அழுத்தாதீர்கள். அங்கே (சி – ஈ போன்ற) மூன்றாம் இடைவெளி வைத்தால் இரண்டு சுரங்களும் பிரிந்து கேட்காமல் உறுமலாகிவிடும். உயரமான கூரையும் வெற்றுச் சுவரும் கொண்ட பெரிய ஆலயங்களில், எதிரொலியோடு பேஸ் கூட்டிவைத்த ஸ்பீக்கரும் சேரும்போது இந்தக் கலக்கம் இரட்டிப்பாகும். கீழே ஒற்றைச் சுரம், நடுவில் மூன்றும் ஏழும், மேலே நிறம் என்பதை எப்போதும் நினைவில் வையுங்கள்.

நான்காம் படி: ரூட்டை விட்டு வாசித்தல்

பேஸ் கித்தார் வாசிப்பவர் உடன் இருந்தால், ரூட்டை அவரிடம் விட்டுவிட்டு இடக்கையால் நான்கு சுரங்களைப் பிடிக்கலாம். பில் எவன்ஸ், வின்டன் கெல்லி போன்ற ஜாஸ் பியானோக் கலைஞர்கள் 1950-களின் பிற்பகுதியில் பரவலாக்கிய முறை இது. டி மைனர் செவன்த்துக்கு எஃப் – ஏ – சி – ஈ. ஜி செவன்த்துக்கு எஃப் – ஏ – பி – ஈ. சி மேஜர் செவன்த்துக்கு ஈ – ஜி – பி – டி. மூன்றுக்கும் சுண்டு விரல், நடுவிரல், ஆள்காட்டி விரல், பெருவிரல் என்னும் ஒரே விரலமைப்புப் போதும். முதல் மாற்றத்தில் சி மட்டும் பி-க்கு இறங்குகிறது. இரண்டாம் மாற்றத்தில் பி நிற்க, மற்ற மூன்றும் ஒரு படி இறங்குகின்றன.

இதற்கு இன்னொரு வடிவமும் உண்டு: சி – ஈ – எஃப் – ஏ, பி – ஈ – எஃப் – ஏ, பி – டி – ஈ – ஜி. இரண்டும் ஏன் வேண்டும் என்றால், சுருதி மாறும்போது முதல் வடிவம் மிகக் கீழேயோ மிக மேலேயோ போய்விடலாம். நடு சி-யை ஒட்டிய பகுதியிலேயே கார்டு விழும்படி இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்வதே வழி.

தனியாக வாசிக்கும்போது இந்த முறையைப் பயன்படுத்தாதீர்கள். எஃப் – ஏ – சி – ஈ என்பது பேஸ் இல்லாவிட்டால் வெறும் எஃப் மேஜர் செவன்த்; கேட்பவரின் காதுக்கு அதை டி மைனர் என்று சொல்ல யாரும் இல்லை. மறுபுறம், பேஸ் கித்தார் இருக்கும்போது கீபோர்டின் இடக்கையும் அதே ரூட்டை இடித்துக்கொண்டிருப்பது நம் ஊர் மேடைகளில் நான் அதிகம் கேட்கும் குறை. இருவரும் பயிற்சிக்கு முன்பே யார் எதை வாசிப்பது என்று பேசி வைத்துக்கொண்டால் மொத்த ஒலியும் தெளிந்துவிடும்.

ஐந்தாம் படி: மோகனத்தில் இருந்து நான்காம் அடுக்கு

இதுவரை கார்டுகளை மூன்றாம் இடைவெளிகளை அடிப்படையாக வைத்துக் கட்டினோம். நான்காம் இடைவெளிகளை அடுக்கினால் வேறொரு உலகம் திறக்கும். 1960-களில் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் நால்வர் குழுவில் மெக்காய் டைனர் வாசித்த பியானோ இந்த ஒலிக்குப் பெயர்பெற்றது.

நமக்கு இதற்கு மிக அருகிலேயே ஒரு வாசல் இருக்கிறது. மோகன ராகத்தின் ஸ ரி க ப த என்பதைச் சி-யை ஆதாரமாக வைத்து எழுதினால் சி, டி, ஈ, ஜி, ஏ. இந்த ஐந்தும் சேர்ந்தால் ஜாஸ் பியானோக்காரர்கள் சிக்ஸ்–நயன் என்று சொல்லும் கார்டு அப்படியே வந்துவிடுகிறது. ஒரு சுரமும் கூடவோ குறையவோ இல்லை. இதே ஐந்தை ஈ – ஏ – டி – ஜி – சி என்று அடுக்கிப் பாருங்கள்: ஒவ்வொன்றும் அடுத்ததிலிருந்து சரியாக ஒரு நான்காம் இடைவெளி. இடக்கையில் நடு சி-க்குக் கீழுள்ள ஈ, ஏ. வலக்கையில் அதற்கு மேல் டி, ஜி, சி. பேஸ் சி-யில் நிற்க, இதை மெதுவாக அழுத்தினால், ராகமும் கெடாமல் கார்டும் விரிந்து கேட்கும். மோகனத்தில் அமைந்த கீர்த்தனைக்கு முன்னிசை வாசிப்பவர் சி மேஜர் செவன்த் வைத்தால் ராகத்தில் இல்லாத நிஷாதம் நுழைந்துவிடும்; இந்த அடுக்கில் அந்தக் கவலை இல்லை.

மேலே உள்ள சி-யை பி ஆக்கினால், டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 1959-ஆம் ஆண்டு இசைத்தட்டு ஒன்றில் பில் எவன்ஸ் வாசித்துப் புகழ்பெற்ற அடுக்கு கிடைக்கும்: ஈ – ஏ – டி – ஜி – பி. அதை அப்படியே ஒரு படி இறக்கினால் டி – ஜி – சி – எஃப் – ஏ. டி-யை ஆதாரமாகக் கொண்ட கரகரப்பிரியாவின் சுரங்களே இரண்டிலும் இருப்பதால், பேஸை டி-யில் நிறுத்தி இந்த இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்தால் அதன் மேல் யாராவது அந்த ராகத்தை விரிவாகவே பாடலாம்.

ஆறாம் படி: டாமினன்ட்டில் இழுவிசை

நான்காம் படியில் ஜி செவன்த்துக்கு வைத்த எஃப் – ஏ – பி – ஈ என்பதில் ஏ-யையும் ஈ-யையும் அரைச்சுரம் இறக்குங்கள்: எஃப் – ஏ ஃபிளாட் – பி – ஈ ஃபிளாட். இது சி மேஜர் செவன்த்தின் ஈ – ஜி – பி – டி-க்குப் போகும்போது பி நிற்க, மற்ற மூன்றும் அரைச்சுரம் மட்டுமே இறங்குகின்றன. இழுத்துக் கட்டிய ஒன்று அவிழ்வதுபோல் காது ஆறுதல் அடையும்.

இதே நான்கு சுரங்களைப் பிடித்துக்கொண்டு, பேஸை மட்டும் ஜி-க்குப் பதிலாக டி ஃபிளாட் வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். கையை அசைக்காமலே கார்டு டி ஃபிளாட் நயன்த் ஆகிவிட்டது. ஜி செவன்த்துக்கும் டி ஃபிளாட் செவன்த்துக்கும் மூன்றாம், ஏழாம் சுரங்கள் ஒன்றேயாகி, இடம் மட்டும் மாறியிருப்பதே காரணம். டிரைடோன் சப்ஸ்டிடியூஷன் என்று அச்சுறுத்தும் பெயரில் வழங்குவது இவ்வளவுதான். பேஸ் இப்போது டி, டி ஃபிளாட், சி என்று படிப்படியாக இறங்கும்.

ஏழாம் படி: பாட்டை மேலே வைத்தல்

கார்டு தனியாக நன்றாக வந்தாலும் பாட்டோடு சேர்க்க வேண்டும். மெட்டின் சுரம் எப்போதும் மேலே இருக்கட்டும். வலக்கைச் சுண்டு விரலால் ஈ-யைப் பிடித்துக்கொண்டே கீழே மூன்று கார்டுகளையும் மாற்றுங்கள்: டி மைனரில் அது ஒன்பதாம் சுரம், ஜி செவன்த்தில் பதின்மூன்று, சி மேஜரில் மூன்று. ஒரே சுரம் மூன்று முகம் காட்டுவதைக் கேட்ட பிறகு, தெரிந்த மெட்டு எதையும் எடுத்து, ஒவ்வொரு நீண்ட சுரத்துக்குக் கீழும் மூன்றையும் ஏழையும் வைத்துப் பழகுங்கள். அடர்த்தி வேண்டுமென்றால், நெருக்கமான நான்கு சுரக் கார்டில் மேலிருந்து இரண்டாவதை ஒரு ஸ்தாயி இறக்குங்கள்; சி – ஈ – ஜி – பி என்பது ஜி – சி – ஈ – பி ஆகும். டிராப் டூ என்பது இதுதான்.

எங்கே வாசிப்பது, எங்கே விடுவது

சபையார் பாமாலை பாடும்போது இவற்றில் எதுவும் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பாடகர் குழு நான்கு குரலில் அச்சிட்டபடி பாடிக்கொண்டிருக்கையில், டெனர் ஜி-யில் நிற்கும் இடத்தில் நீங்கள் எஃப் ஷார்ப் வைத்தால், தவறாகப் பாடுவது தாம்தான் என்று அவர்கள் எண்ணித் தடுமாறுவார்கள். ராகத்தில் அமைந்த கீர்த்தனைகளிலும் கவனம் வேண்டும்: மாயாமாளவகௌளையில் நயன்த் சேர்த்தால், சுத்த ரிஷபம் இருக்க வேண்டிய இடத்தில் சதுச்ருதி ரிஷபம் வந்து விழும். அங்கே ஸ, ப மட்டும் நிறுத்திவிட்டு ஒதுங்கியிருப்பதே இசைக்குச் செய்யும் மரியாதை. முன்னிசை, காணிக்கை வேளை, திருவிருந்தின்போது நீளும் மென்னிசை, தனிப்பாடலின் இடையிசை ஆகியவற்றில் தாராளமாக வாசிக்கலாம்.

பயிற்சியைக் கைபேசியில் பதிவுசெய்து, மறுநாள் கேளுங்கள். வாசிக்கும்போது காதில் விழாத கலக்கமெல்லாம் அப்போது தெரியும். பில் எவன்ஸ், ரெட் கார்லண்ட், ஆஸ்கர் பீட்டர்சன் பதிவுகளில் இடக்கையை மட்டும் தொடர்ந்து கேட்கப் பழகுங்கள். இரட்சணிய சேனையின் பித்தளை பேண்டு அருகில் வாசித்தால், நடுக்குரல்கள் எப்படி நகர்கின்றன என்று நின்று கேளுங்கள். காதுக்கு அது இலவச வகுப்பு.

மேஜர் சுற்று முழுவதும் கையில் வந்தபின் எடுக்க வேண்டியது மைனர் டூ–ஃபைவ்–ஒன். ஏ மைனரில் ரூட்டுகள் பி, ஈ, ஏ. வலக்கை டி – ஏ, டி – ஜி ஷார்ப், சி – ஜி. கடைசி ஜி-யை எஃப் ஷார்ப் ஆக்கினால் ஏ மைனர் சிக்ஸ்த் ஆகும். மைனர் மெட்டை முடித்து நிறுத்தும் இடத்துக்கு, செவன்த்தைவிட அதுவே பெரும்பாலும் பொருந்தும்.